பட்டியலில் ஏழாவது

வயிற்றுவாரை இறுக்கும்போது குதிரை மூச்சை இழுத்து வயிற்றை உப்பிக்கொள்ளும். பழக்கமில்லாதவன் அப்போதே இறுக்கிவிட்டு ஏறி உட்கார்ந்துவிடுவான். பத்தடி போனதும் குதிரை மூச்சை விடும், வார் தளரும், ஆள் சேணத்தோடு சரிந்து மண்ணில் கிடப்பான். அதனால் கொஞ்சம் பொறுக்க வேண்டும். குதிரையிடம் ஏதாவது பேசிக்கொண்டிருந்தால் அதுவாகவே மூச்சை விட்டுவிடும், பிறகு இன்னும் இரண்டு துளை இறுக்கலாம். உங்கள் பூட்ஸைப் பார்த்தால் நகரத்தில் வளர்ந்தவர் என்று தெரிகிறது, அதனால் சொல்லிவைக்கிறேன். பின்னால் இது தேவைப்படும்.

என் பெயர் ஒமுர்சாக். வயது அறுபத்தொன்று. கோக்-போரு என்ற எங்கள் குதிரை ஆட்டத்தில் முப்பத்தொரு வருடமாக நடுவர். போன ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் எர்மெக் என்ற குதிரைவீரன் இறந்துபோனது உங்களுக்குத் தெரிந்திருக்கும். திங்கட்கிழமை எங்கள் லீக் ஓர் அறிவிப்பு ஒட்டியது. அந்த அறிவிப்பு பிழையானது. அதைத் திருத்தத்தான் உங்கள் காவல் நிலையத்துக்கு வந்திருக்கிறேன். என்னை யாரும் கூப்பிடவில்லை, யாரும் சந்தேகப்படவும் இல்லை. என் குதிரையில் நானே வந்தேன். வாசலில் கட்டியிருக்கிறேன், யாரையாவது அதற்குத் தண்ணீர் காட்டச் சொன்னால் நல்லது.

முதலில் இந்த அறிவிப்பு என்ற கூத்தைச் சொல்லிவிடுகிறேன். நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது, ஆனாலும் நிதானமாகவே சொல்கிறேன்.

எங்கள் பள்ளத்தாக்கில் ஆறு குழுக்கள். முன்பெல்லாம் நடுவர் தவறாகச் சொல்லிவிட்டார் என்று ஒரு குழு நினைத்தால், ஆட்டம் முடிந்ததும் அரைமணி நேரம் கத்துவார்கள். பிறகு தேநீர் வரும், ரொட்டியைப் பிய்ப்பார்கள், அடுத்த வாரம் அதே நடுவர் முன்னால் வந்து நிற்பார்கள். விஷயம் பெரிதாகிவிட்டால் வழக்கம் ஒன்று உண்டு. மனம் புண்பட்டவன் வீட்டுக்கு ஒரு நல்ல மேலங்கி கொண்டுபோய் அவன் தோளில் போர்த்துவோம். யார் தவறு, என்ன தவறு என்று யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். போர்த்திய கணத்தோடு விஷயம் முடிந்தது, பிறகு அதைக் கிளறுகிறவன்தான் குற்றவாளி. இப்படித்தான் ஒரு பள்ளத்தாக்கே ஒருவரை ஒருவர் வெட்டிக்கொள்ளாமல் இத்தனை காலம் ஆடியது.

இந்த வசந்தத்தில் அனார்கான் லீகின் தலைவியானாள். கால்நடை மருத்துவர், தலைநகரில் படித்தவள், கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். வந்ததும் ஒரு விதி போட்டாள். ஞாயிறு ஆட்டம் முடிந்ததும் கைப்பேசிப் படங்களை எல்லாம் போட்டுப் பார்த்து, நடுவர்கள் செய்த தவறுகளுக்கு எண் போட்டு, திங்கட்கிழமை காலையில் கடைக் கதவில் ஒட்டுவது. மாவு விலைக்கும் தடுப்பூசி அறிவிப்புக்கும் நடுவில், பெயரோடு. முதல் வாரம் நான்கு தவறுகள். மூன்று என்னுடையவையாம்.

"மனுஷன்னா தப்பு வரத்தான் செய்யும் அண்ணே," என்றாள் அனார்கான். "ஒத்துக்கிட்டா மதிப்பு குறையாது, கூடத்தான் செய்யும்."

மதிப்பு எப்படிக் கூடியது என்று நானும் பார்த்தேன். ரொட்டி வாங்க வந்த பெண்கள் நின்று நின்று படித்தார்கள். மைதானத்துக்குள் நான் குதிரையோடு நுழையும்போது வேலிப்பக்கத்திலிருந்து ஒருவன் கேட்டான்: "இந்த வாரம் எத்தனை பெரியவரே? பத்தைத் தாண்டிட்டா கடைக்காரரு ஒரு மூட்டை மாவு தர்றாராம்." எல்லோரும் சிரித்தார்கள். நான் பனியிலும் புழுதியிலும் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்திருந்த சேணத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். நடுவர் என்பவன் ஆட்டத்தை முடித்துவைக்கிறவன். திங்கட்கிழமைதோறும் ஆட்டத்தைத் திறந்து திறந்து பார்ப்பதென்றால் நடுவர் எதற்கு, கைப்பேசியையே குதிரைமேல் கட்டி அனுப்பலாமே. அனார்கானிடம் இதை நான் சொன்னேன். அவள் குறித்துக்கொண்டாள். குறித்துக்கொள்வதில் அவளுக்குச் சலிப்பே கிடையாது.

இனி எர்மெக்கின் விஷயம். இரண்டு இலையுதிர் காலத்துக்கு முன்னால் நடந்தது.

ஆட்டம் உங்களுக்குத் தெரியும். தலை நீக்கிய ஆட்டுடலை எதிரியின் அண்டாவுக்குள் போட வேண்டும். அண்டா என்பது மண்ணால் எழுப்பிய வட்டமேடு, நடுவில் குழி. அன்று இறுதி ஆட்டம், கடைசி நிமிடங்கள். எட்டுக் குதிரைகளும் அண்டாவின் விளிம்பில் ஏறி நெருக்கிக்கொண்டு நிற்கின்றன, புழுதியில் சட்டையின் எண்கள் தெரியவில்லை, தலைக்கவசத்துக்குள் முகங்களும் தெரியவில்லை. துராத் என்ற எதிரணி வீரன் ஆட்டை இழுக்கக் குனிந்தான். அப்போது ஒரு சவுக்கு அவன் முகத்தில் இறங்கியது. அவனுக்கு இடது கண் போய்விட்டது.

நான் பதினைந்து அடி தூரத்தில் இருந்தேன். அடித்தவன் இருந்த குதிரையைப் பார்த்தேன். கருஞ்செவலை, நெற்றியில் வெள்ளைச் சுட்டி, இடது பின்காலில் மட்டும் வெள்ளை. இந்தப் பள்ளத்தாக்கில் அப்படி ஒன்றுதான் உண்டு. அதன் தாயையும் எனக்குத் தெரியும். அது எர்மெக்கின் குதிரை. நான் கையை உயர்த்தி எர்மெக்கின் பெயரைச் சொல்லி வெளியே போகச் சொன்னேன். எங்கள் ஊரில் யாரும் ஆளைப் பார்த்து ஆளை அறிவதில்லை. தூரத்தில் ஒரு குதிரை வந்தாலே இன்னார் வருகிறார் என்று தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிடுவோம்.

எர்மெக் எனக்குப் பின்பக்கத்திலிருந்து வந்தான். சாம்பல் நிறக் குதிரைமேல் இருந்தான்.

"அண்ணே, நான் இதுமேல இருக்கேன், பாருங்க," என்றான். "இடைவேளையில நானும் சாகினும் குதிரைய மாத்திக்கிட்டோம்."

நான் பார்த்தேன். அவன் சாம்பல் குதிரைமேல்தான் இருந்தான். கைகள் ஆட்டுக்கு வேண்டும் என்பதால் சவுக்கைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் ஆடுவார்கள்; அவன் சவுக்கும் அதுவரை பல்லிடுக்கில் இருந்திருக்கிறது, பேசுவதற்காகக் கையில் எடுத்திருந்தான். என் கை அதற்குள் மேலே போயிருந்தது. இரண்டாயிரம் பேர் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், துராத்தின் சொந்தக்காரர்கள் வேலியைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள்.

"அந்தச் செவலை உன்னுதா இல்லையா?" என்று கேட்டேன்.

"என்னுதுதான்."

"அப்பப் போ."

இதில் என்ன தவறு இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. குதிரை அவனுடையது. தன் குதிரையை எவனுக்குக் கொடுக்கிறோம் என்று அவன் யோசித்திருக்க வேண்டும். அடுத்த ஆண்டு முழுவதற்கும் அவனை லீக் விலக்கிவைத்தது. அவன் குழுவினர் உண்மையைச் சொன்னார்கள், ஆனால் சொந்தக் குழு சொல்வதை யார் நம்புவது. அதே குழுவில் ஆடிய சாகின் ஒரு வாரத்தில் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போய்விட்டான்.

அதன் பிறகு எர்மெக்குக்கு நேர்ந்தவை லீகின் விதிகளில் இல்லாதவை. அதற்கெல்லாம் நான் பொறுப்பேற்க முடியாது. விருந்துகளில் ஆட்டிறைச்சியைப் பங்கு வைக்கும்போது அவனவன் தகுதிக்கேற்ற எலும்பைக் கொடுப்பார்களே, அவன் முன்னால் எலும்பே வைக்காமல் வெறும் துண்டுகளை வைத்தார்கள். அவனுக்குப் பேசியிருந்த பெண்ணின் காதில் இவன் வீட்டார் தோடு போட்டிருந்தார்கள். அந்தத் தோட்டைக் கழற்றி ஒரு துணியில் முடிந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். கண்ணைப் பிடுங்கினவனுக்குப் பெண் கிடையாது என்று சொல்லி அனுப்பினார்களாம்.

என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று நினைக்காதீர்கள். போன குளிர்காலத்தில் நானே ஒரு மேலங்கி வாங்கினேன். கருநீல வெல்வெட், ஓரம் முழுக்கப் பூவேலை. அதை எடுத்துக்கொண்டு எர்மெக்கின் வீட்டுக்குப் போனேன். அவன் அப்பா கெரிம்குல் என்னை வீட்டின் உயர்ந்த இடத்தில் உட்காரவைத்தார். நல்ல மனிதர், எனக்கு ஒரு வயது மூத்தவர், என்னோடு பள்ளியில் படித்தவர். நான் மேலங்கியை விரித்துக்கொண்டு எர்மெக்கின் அருகில் போனேன். அவன் எழுந்து நின்றான். மரியாதையாகத்தான் நின்றான்.

"எனக்குக் குளிரலண்ணே," என்றான். "அன்னைக்கு யாரு அடிச்சதுன்னு மட்டும் சொல்லுங்க."

கெரிம்குல் அவனைத் திட்டினார். பெரியவர் வீடு தேடி வந்திருக்கிறார், தோளைக் கொடுடா என்றார். அவன் கொடுக்கவில்லை. அந்த மேலங்கியைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு ஊர் நடுவே நான் வீட்டுக்குத் திரும்பினேன். ஜன்னல் ஜன்னலாகத் திரைகள் விலகின. போர்த்தாத மேலங்கியோடு திரும்பி வந்த மனிதனை எங்கள் ஊர் அதுவரை பார்த்ததில்லை. அந்தக் கோபம் என் வயிற்றில் அன்றைக்கு விழுந்தது, இன்றுவரை வெளியே போகவில்லை. நான் வணங்கி நடக்கிறவனும் இல்லை, வணங்கச் சொல்லிக் கேட்கிறவனும் இல்லை. ஒரு துணியைத் தோளில் வாங்கிக்கொள்ள அவனுக்கு என்ன கேடு.

இந்த இலையுதிர் காலத்தில் அவன் ஆட்டத்துக்குத் திரும்பினான். ஆட்டம் தொடங்குமுன் ஒவ்வொரு குதிரையின் வாரையும் கடிவாளத்தையும் நடுவர் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் வாருக்கு அடியில் கையைவிட்டுத் தடவிப் பார்ப்பேன். சரியாக இருந்தால் சேணத்தை இரண்டு முறை தட்டுவேன். தட்டிவிட்டால் போகலாம் என்று பொருள். எர்மெக்கின் குதிரைக்கு வந்து நான் குனியும்போது அவன் மேலிருந்து குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, "யாரு அடிச்சதுண்ணே?" என்பான். கோபமே இருக்காது அந்தக் குரலில். மணி என்ன என்று கேட்கிற மாதிரி கேட்பான். ஏழு வாரம் கேட்டான். ஏழு வாரமும் நான் சேணத்தை இரண்டு முறை தட்டிவிட்டு அடுத்த குதிரைக்குப் போனேன்.

போன வெள்ளிக்கிழமை அனார்கான் என்னைக் கூப்பிட்டனுப்பினாள். துராத்துக்குக் கண் போன ஆட்டத்தை யாரோ ஒரு லாரியின் மேலிருந்து எடுத்த படம் கிடைத்திருக்கிறதாம். சாகினும் ரஷ்யாவிலிருந்து பேசி ஒப்புக்கொண்டானாம், குடித்துவிட்டு அழுதானாம். படத்தை எனக்குப் போட்டுக் காட்டினாள். நான் பார்த்தேன். சட்டை சாகினுடையது. குதிரை எர்மெக்கினுடையது. நான் சொன்னதற்கு மேல் அதில் ஒன்றும் புதிதாக இல்லை.

"திங்கக்கிழமை பட்டியல்ல இதப் போடப்போறேன் அண்ணே," என்றாள். "நீங்களே ஒரு வரி எழுதித் தந்துடுங்க. 'தப்பாப் பாத்துட்டேன்'னு. உங்க கையெழுத்துல இருந்தா அந்தப் பையனுக்குப் போன பேரு திரும்ப வரும். உங்களுக்கும் நல்லது."

எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இதை நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். இந்த ஒன்றில் தவறினேன் என்று நான் கையெழுத்துப் போட்டுவிட்டால், மற்ற எதிலெல்லாம் தவறினார் என்று கேட்க மாட்டார்களா. முப்பத்தொரு வருட ஆட்டங்கள். அந்த ஆட்டங்களை வைத்துப் பெண் கொடுத்தார்கள், குதிரை வாங்கினார்கள், சிலர் இறந்தும் போனார்கள். எல்லாவற்றையும் தோண்டுவார்கள். ஒரு லீக் தன் நடுவரைக் காப்பாற்ற வேண்டும், நடுவரைக் காப்பாற்றினால்தான் ஆட்டம் பிழைக்கும். இதை எந்த நாட்டு லீகில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அனார்கான் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரு வரியைக் காப்பாற்றப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வழக்கம்போல வார்களைப் பார்த்தேன். எதிரணியில் ஒருவனுடைய வாரில் தையல் விட்டிருந்தது. இறக்கிவிட்டு மாற்றச் சொன்னேன். அவன் முணுமுணுத்துக்கொண்டே மாற்றினான். இதை நினைவில் வையுங்கள், அறிவிப்பில் இது வருகிறது.

பிறகு எர்மெக்கின் கருஞ்செவலை. இடது பக்கம் நன்றாக இருந்தது. ஏறுகிற பக்கம் அது, அவன் தினமும் பார்க்கிற பக்கம். வலது பக்கத்தில், சேணத்தின் தோல்மடலுக்கு அடியில் கையை விட்டேன். வாரைச் சேணத்தோடு சேர்க்கிற பட்டை வெடித்திருந்தது. விரல் அகலத்துக்குத் தோல் மிச்சம், மூன்று தையல் பிடித்துக்கொண்டிருந்தது. விரலால் எண்ணினேன், மூன்று.

"யாரு அடிச்சதுண்ணே?" என்றான் மேலிருந்து.

நான் அவசரப்படவில்லை. குதிரையின் கழுத்தைத் தடவி ஏதோ பேசினேன். அது மூச்சை வெளியே விட்டது. இடது பக்கம் வந்து வாரை இன்னும் இரண்டு துளை இறுக்கினேன், எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவு பாரம் அந்த மூன்று தையலுக்குப் போகும். தோல்மடலைக் கீழே இழுத்துவிட்டேன். பிறகு சேணத்தை இரண்டு முறை தட்டினேன்.

"நன்றிண்ணே," என்றான் எர்மெக். என் கண்ணைப் பற்றி அவனுக்கு என்ன எண்ணம் இருந்ததோ, வார் விஷயத்தில் என் கையை அவன் முழுதாக நம்பினான்.

இரண்டாவது பகுதியில் அது நடந்தது. ஆட்டுடலைத் தொடைக்கடியில் இறுக்கிக்கொண்டு அண்டாவை நோக்கி வந்தான், பின்னால் ஐந்து குதிரைகள். மேட்டில் ஏறும்போது சேணம் இடது பக்கமாகச் சரியத் தொடங்கியது. சேணம் சரிந்தால் அந்தக் கணமே விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்த வேண்டும் என்பது விதி. அந்த விதியை எழுதிய மூன்று பேரில் நானும் ஒருவன். விசில் என் வாயில் இருந்தது. அவன் குதிரையின் பிடரியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். ஏதும் கேட்கவில்லை, விசிலுக்காகத்தான் பார்த்தான். நேரம் இருந்தது. நான் மூச்சை உள்ளே வைத்துக்கொண்டேன். அவன் விழுந்து, பின்னால் வந்த குதிரைகள் அவன்மேல் ஏறி இறங்கிய பிறகு ஊதினேன்.

ஆம்புலன்ஸ் ஆற்றுப்பாலத்தைத் தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது என்றார்கள்.

நான் நினைத்தது இதுதான். எர்மெக் இல்லையென்றால் கேள்வியும் இல்லை. இறந்தவனைப் பற்றிய பழைய வழக்கைக் கிளறுவது எங்களில் வழக்கமில்லை. அனார்கானும் மனுஷிதானே, விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் விடவில்லை. திங்கட்கிழமை காலை கடைக் கதவில் பட்டியல் இருந்தது. கறுப்புக் கரை போட்டிருந்தாள். ஆறாவது: இரண்டு ஆண்டுகளுக்கு முன் எர்மெக் வெளியேற்றப்பட்டது நடுவர் ஒமுர்சாக்கின் தவறு, அடித்தது வேறொருவர், லீக் வருந்துகிறது. ஏழாவது: ஞாயிறு காலைச் சோதனையில் எர்மெக்கின் சேணப்பட்டை வெடித்திருந்ததை நடுவர் ஒமுர்சாக் கவனிக்கவில்லை, சேணம் சரிந்தபோது விசில் ஊதத் தாமதித்தார். இன்னொரு வீரரின் வாரில் இருந்த குறையை அதே காலையில் அவர் சரியாகக் கண்டுபிடித்திருப்பதால் இது அசட்டை அல்ல, வயதும் களைப்பும் காரணம். அவருக்கு ஓய்வு தரப்படுகிறது.

களைப்பு. கதவின் முன்னால் நின்று அந்தச் சொல்லை நான் மூன்று முறை படித்தேன்.

நேற்று அடக்கம். கெரிம்குலின் முற்றத்தில் கம்பளிக் கூடாரம் போட்டிருந்தார்கள். ஆண்கள் எல்லோரும் வழக்கப்படி தூரத்திலிருந்தே தம்பி, தம்பி என்று சத்தமாக அழுதுகொண்டு வந்தார்கள். நானும் அழுதுகொண்டுதான் போனேன், கண்ணீர் தானாகவே வந்தது. அனார்கான் என் பக்கத்தில் நடந்தாள். அந்தக் கருநீல மேலங்கியை எடுத்துவரச் சொன்னவள் அவள்தான். கெரிம்குல் வாசலில் கம்பை ஊன்றி நின்றிருந்தார். நான் அதை அவர் தோளில் போர்த்தினேன். மகன் வாங்காததை அப்பா வாங்கிக்கொண்டார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"மனசப் போட்டு வதைச்சுக்காத ஒமுர்சாக்," என்றார். "நீ வேணும்னா செஞ்ச? கண்ணு தப்பிடுச்சு. நமக்கெல்லாம் வயசாயிடுச்சுப்பா."

எல்லோரும் தலையாட்டினார்கள். துராத் ஒற்றைக்கண்ணோடு வந்து என் முதுகைத் தடவினான். எவனோ ஒருவன் என்னைக் கைத்தாங்கலாகப் பிடித்து உட்காரவைத்து, குருடனுக்குக் கொடுப்பதுபோலக் கிண்ணத்தை என் விரல்களுக்குள் வைத்து மூடினான். வெறுத்திருந்தால் தாங்கியிருப்பேன். என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். அறுபது அடி தூரத்துப் புழுதியில் ஒரு குதிரையின் லாடம் தளர்ந்திருப்பதைச் சொல்கிறவன் நான். என்னிடம் போய்க் கண் தப்பிவிட்டது என்கிறார்கள்.

அதனால் எழுதிக்கொள்ளுங்கள். ஏழாவது தவறே இல்லை. பட்டை வெடித்திருந்ததை நான் பார்த்தேன், மூன்று தையல் இருந்ததை எண்ணினேன், அதன் பிறகுதான் வாரை இறுக்கினேன். சேணம் சரிந்ததையும் பார்த்தேன், விசிலை வாயில் வைத்துக்கொண்டே ஊதாமல் இருந்தேன். எர்மெக் சாக வேண்டும் என்றுதான் செய்தேன், செத்தான். கொன்றேன் என்றே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். எங்கே போட வேண்டுமோ அங்கே போடுகிறேன். களைப்பு என்ற சொல் மட்டும் எங்கும் வரக்கூடாது.

அப்படியே அனார்கானுக்கும் ஒரு கடிதம் அனுப்புங்கள், ஏழாவதை அடிக்கும்போது ஆறாவதையும் சேர்த்து அடித்துவிடச் சொல்லி. அன்று நான் பார்த்தது எர்மெக்கின் குதிரைதான்.